வலி வருவதற்கு முன்பே கேட்க வேண்டியவை: பல் மருத்துவர் பதில்கள்

தர்மபுரி மாவட்டத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பல் மருத்துவம் பார்த்து வருகிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இரவெல்லாம் தூங்காமல், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காலையில் வாசலில் நிற்பவர்கள். ஆறு மாதம் முன்பு வந்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்குமே என்ற ஆதங்கம் எனக்குத் தீர்வதே இல்லை. அந்த ஆதங்கத்தோடுதான் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

கேள்வி: சொத்தை சிறிதாக இருந்தபோது வலிக்கவே இல்லை, டாக்டர். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் மட்டும் சுரீர் என்றது. நேற்று இரவு படுத்ததும் விண்விண் என்று தெறித்துவிட்டது. ஒரே நாளில் எப்படி இவ்வளவு மோசமானது?

பதில்: ஒரே நாளில் ஆனது இல்லை, தம்பி. பல்லின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இது புரியும்.

வெளியே தெரியும் வெண்மையான ஓடு எனாமல். நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். அதன் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாது உப்பு. அதில் நரம்பு கிடையாது. சொத்தை அந்த ஓட்டுக்குள் இருக்கும்வரை உங்களுக்கு எதுவும் தெரியாது. இன்னொன்று, எனாமலைக் கட்டிய செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். எனாமலில் குழி விழுந்தால் விழுந்ததுதான்.

அதற்கு உள்ளே இருப்பது டென்டின். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஏராளம். குளிர்ச்சியோ இனிப்போ பட்டால் அவற்றில் உள்ள திரவம் அசைந்து நரம்பைத் தூண்டும். நீங்கள் சொன்ன ‘சுரீர்’ அதுதான். உங்கள் பல் அனுப்பிய முதல் செய்தி அது.

நடுவில் இருப்பது பற்கூழ்: நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த மென்மையான திசு. அங்கே கிருமி நுழைந்தால் அழற்சி வரும். கையில் புண் வந்தால் வீங்குவதற்கு இடம் இருக்கிறது. பற்கூழைச் சுற்றியோ நான்கு பக்கமும் கடினமான சுவர். உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். படுத்தால் தலைக்கு இரத்த ஓட்டம் கூடுவதால் இரவில் இன்னும் தெறிக்கும்.

ஓர் எச்சரிக்கை. இந்த வலி சில நாளில் தானாக நின்றுபோகலாம். ‘சரியாகிவிட்டது’ என்று நினைத்துவிடாதீர்கள். பற்கூழ் செத்துவிட்டது என்று பொருள். கிருமி வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும். சொத்தை டென்டினோடு நின்றிருந்தால் அடைத்தால் போதும். இப்போது உங்களுக்கு வேர் சிகிச்சை (ரூட் கெனால்) தேவைப்படும். தள்ளிப்போடாமல் இந்த வாரமே போங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் கண்டங்கத்திரி விதையைச் சுட்டு, அந்தப் புகையைப் பிடித்தால் பல் பூச்சி விழும் என்பார்கள். என் பாட்டிக்கு விழுந்ததை நானே பார்த்தேன்.

பதில்: நீங்கள் பார்த்தது பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது பல்லிலிருந்து வந்த பூச்சி இல்லை. பல்லுக்குள் புழு இருக்கிறது என்ற நம்பிக்கை நம் ஊரில் மட்டும் இருந்ததில்லை. பாபிலோனியா முதல் ஐரோப்பா வரை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருந்தது. பியர் ஃபோஷார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1728இல் வெளியிட்ட நூலில் அதை ஏற்க மறுத்தார். உண்மைக் காரணத்தை 1890இல் டபிள்யூ. டி. மில்லர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் விளக்கினார்: வாயில் உள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் புளிக்கவைத்து அமிலம் ஆக்குகின்றன, அந்த அமிலம் எனாமலைக் கரைக்கிறது.

பல்லின் மேல் அமிலத்தன்மை ஏறி பி.ஹெச். அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சமன் செய்ய அரை மணி நேரம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதே முக்கியம். சாப்பாட்டோடு ஒரு லட்டு சாப்பிடுபவரைவிட, நாள் முழுக்கச் சர்க்கரை போட்ட டீயும் பிஸ்கட்டுமாக ஆறு முறை வாயை நனைப்பவருக்குத்தான் சொத்தை அதிகம் வரும். தூக்கத்தில் உமிழ்நீர் மிகக் குறைவாகச் சுரக்கும். இரவு பல் துலக்காமல் படுக்காதீர்கள் என்று நான் சொல்லிச் சொல்லிச் சலிக்காததற்குக் காரணம் அதுதான்.

கேள்வி (ஆறரை வயதுப் பெண் குழந்தையின் தாய், சேலம்): மகளுக்குக் கீழ்த்தாடையில் கடைசிப் பல்லில் கறுப்புப் புள்ளி தெரிகிறது. விழப்போகிற பால் பல்தானே என்று வீட்டில் சொல்கிறார்கள். விட்டுவிடலாமா?

பதில்: அம்மா, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இந்த ஒரு தவறால் நான் பிடுங்கிய பற்களுக்குக் கணக்கே இல்லை.

டார்ச் அடித்து, நடுப்பல்லிலிருந்து பின்பக்கமாக எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கத்துக்குப் பால் பற்கள் ஐந்துதான்: வெட்டுப்பல் இரண்டு, கோரைப்பல் ஒன்று, கடைவாய்ப்பல் இரண்டு. மேலும் கீழும் சேர்த்து மொத்தம் 20. ஆறாவதாக ஒரு பல் இருந்தால் அது நிலையான பல். ஆறு வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலேயே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும். எதுவும் விழாததால் பெற்றோர் அதையும் பால் பல் என்றே நினைக்கிறார்கள். அது போனால் வேறு முளைக்காது.

அதன் மேற்பரப்பில் பள்ளங்கள் ஆழமானவை. பிரஷ்ஷின் நார்கூட நுழையாத அளவுக்குக் குறுகலானவை. சொத்தை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். சொத்தை இல்லாதபோதே அந்தப் பள்ளங்களைப் பூச்சு வைத்து மூடிவிடலாம். ஊசி, வலி எதுவும் இல்லை.

ஐந்தாவது பல்லாக இருந்தாலும் அலட்சியம் வேண்டாம். அந்தப் பால் பல் 10, 12 வயதுவரை இருக்க வேண்டியது. முன்கூட்டியே போனால் பின்னால் உள்ள பல் முன்னே சாய்ந்து, அடியிலிருந்து வரவேண்டிய பல்லுக்கு இடம் இல்லாமல் போகும். எண்ணிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: மேல் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடுமா? அப்பா பயந்துகொண்டு வர மறுக்கிறார்.

பதில்: போகாது. மேல் பற்களின் உணர்வைக் கொண்டு செல்வது ஐந்தாம் கபால நரம்பின் ஒரு கிளை. பார்வைக்குரியது இரண்டாம் கபால நரம்பு. இரண்டும் வெவ்வேறு. பல் எடுக்கும் நிலை வருவது பலருக்கு நாற்பது, ஐம்பது வயதில். வெள்ளெழுத்து தொடங்குவதும் அப்போதுதான். இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுத்தான் இந்தப் பயம் வந்தது என்பது என் எண்ணம். ஆனால் அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்: மேல் கோரைப்பல்லின் வேரில் சீழ் கோத்தால் கண்ணுக்குக் கீழேவரை வீங்கும். ஆபத்து பல்லை எடுப்பதில் இல்லை, கெட்ட பல்லை வைத்திருப்பதில் இருக்கிறது.

கேள்வி: பல் சுத்தம் செய்துகொண்ட பிறகு பல் ஆடுகிறது, இடைவெளியும் தெரிகிறது. மருத்துவர் கெடுத்துவிட்டாரா?

பதில்: பல் எலும்பில் நேராக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்கள் அதைத் தொட்டில்போலத் தாங்குகின்றன. ஈறு ஓரத்தில் படியும் அழுக்கு இறுகிக் காரையானால், ஈறு வீங்கி, அந்த நார்களும் எலும்பும் மெல்ல அழியும். வலி இருக்காது; துலக்கும்போது இரத்தம் மட்டும் வரும். நாளடைவில் அந்தக் காரையே பற்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் உண்மை நிலை வெளிப்படுகிறது, அவ்வளவுதான். ஈறு மீண்டும் இறுகச் சில வாரம் கொடுங்கள். சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரையும் ஈறு நோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை. இரத்தம் வருகிறதே என்று துலக்குவதை நிறுத்தினால் இன்னும் கெடும்.

கேள்வி (பென்னாகரம்): எனக்குப் பற்களில் பழுப்புக் கறை. தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடு காரணம் என்றார்கள். அப்படியிருக்க, ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டை என் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

பதில்: நம் மாவட்டத்துக்கே உரிய கேள்வி. பல் தாடைக்குள் உருவாகும் காலத்தில், அதாவது ஏறக்குறைய எட்டு வயதுவரை, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள நீரைத் தொடர்ந்து குடித்தால் எனாமல் சரியாக உருவாகாது. ஆழ்துளைக் கிணற்று நீர் குடித்து வளர்ந்த பலருக்கு இந்தக் கறை இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது. நீர் வற்றுவதால் அடர்த்திதான் கூடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக 2013இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவுக்கு வருகிறதென்றால், குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்துங்கள்.

பேஸ்ட் வேறு விஷயம். அது விழுங்குவதற்கில்லை. பல்லின் மேல் படும் சிறிதளவு ஃப்ளோரைடு, அமிலத்துக்கு எளிதில் கரையாதபடி எனாமலை வலுப்படுத்துகிறது. மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு. பக்கத்தில் நின்று துப்பவையுங்கள். நம் பகுதியில் இன்னும் கிணற்று நீர்தான் என்றால், பேஸ்ட் தொடங்கும் முன் பல் மருத்துவரிடம் குழந்தையை ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கேள்வி: ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்றார்களே, பேஸ்ட் எதற்கு?

பதில்: பழமொழியில் வரும் வேல் என்பது கருவேலம்; பலர் அதை வேம்பு என்று நினைக்கிறார்கள். ஆல், கருவேலம் இரண்டின் துவர்ப்பும் ஈறுக்கு நல்லது. குச்சியை மென்று நார்போல ஆக்கிப் பொறுமையாகத் தேய்த்தால் அழுக்கும் போகும். ஆனால் அந்தக் காலத்தில் இத்தனை சர்க்கரை இல்லை. குச்சி பிடிக்குமென்றால் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், இரவில் ஃப்ளோரைடு பேஸ்ட். செங்கல் பொடி, கரி, சாம்பல் மட்டும் வேண்டவே வேண்டாம், எனாமலைத் தேய்த்துவிடும்.

கேள்வி: கிரிக்கெட் ஆடும்போது பந்து பட்டுப் பல் முழுதாகக் கழன்று விழுந்தால்?

பதில்: பதறாமல், மேல் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள். வேரைத் தொடவோ தேய்க்கவோ கூடாது. மண் இருந்தால் சுத்தமான நீரில் ஒரு முறை அலசி, அந்தக் குழியிலேயே பொருத்தித் துணியைக் கடித்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், காய்ச்சாததோ காய்ச்சி ஆறியதோ, எந்தப் பாலாக இருந்தாலும் சரி, பாலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தண்ணீரில் போட்டால் வேரைச் சுற்றியுள்ள செல்கள் செத்துவிடும். அரை மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போனால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பால் பல் என்றால் திரும்பப் பொருத்தக் கூடாது.

கேள்வி: முப்பது ஆண்டாகப் பாக்குப் போடுகிறேன், புகையிலை தொடமாட்டேன். சில மாதமாக வாய் முழுதாகத் திறக்க முடியவில்லை. காரமும் எரிகிறது.

பதில்: ஐயா, இதைத் தட்டிக்கழிக்காதீர்கள். பாக்கு கன்னத்தின் உட்புறத்தை நார்போல இறுகச் செய்யும். இது புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக இருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. இன்றோடு பாக்கை நிறுத்துங்கள். அருகில் உள்ள அரசு பல் மருத்துவமனையில் வாயைக் காட்டுங்கள். வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் நாளைக்கே போங்கள்.

கேள்வி (மீண்டும் சேலம் தாய்): எண்ணிப் பார்த்தேன் டாக்டர். ஆறாவது பல். அதன் நடுப் பள்ளத்தில்தான் கறுப்பு. குழந்தைக்கு வலியே இல்லை என்கிறாள்.

பதில்: வலி இல்லாதது நல்ல செய்தி, அம்மா. பற்கூழ்வரை போகவில்லை என்பதற்கு வாய்ப்பு அதிகம். வெறும் கறையாகக்கூட இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும். சொத்தை என்றால் சுரண்டி எடுத்துவிட்டு, பல் நிறத்திலேயே அடைத்துவிடுவார்கள். பெரும்பாலும் ஒரே நாளில் முடியும். மற்ற மூன்று மூலைகளிலும் ஆறாவது பல் வந்திருந்தால், அவற்றுக்குப் பூச்சு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ‘ஊசி போடுவார்கள்’ என்று குழந்தையைப் பயமுறுத்தி அழைத்துப் போகாதீர்கள். பற்களை எண்ணப் போகிறோம் என்று சொல்லுங்கள். அவளும் உங்களோடு எண்ணட்டும்.