கண்ணப்பருக்கு வீடு உண்டா?

கேள்வி: பெருங்களத்தூர் பக்கம் கட்டி முடியப்போகும் அடுக்ககத்தில் ஒரு வீடு பிடித்துப்போய் 50,000 ரூபாய் முன்பணம் கொடுத்தோம். பத்து நாள் கழித்து பில்டர் கூப்பிட்டு, "இது சைவர்களுக்கு மட்டும். நீங்கள் மீன் சாப்பிடுவீர்களாமே, வேறு இடம் பாருங்கள்" என்கிறார். சட்டம் இதை அனுமதிக்கிறதா? வீடு வாங்குகிறவருக்கு உரிமையே கிடையாதா?
- வாசகி ஒருவர், தாம்பரம்

பதில்: சகோதரி, சட்டத்துக்குப் பிறகு வருகிறேன். 'சைவர்' என்ற சொல்லை முதலில் அந்த பில்டரிடமிருந்து மீட்டாக வேண்டும்.

சைவர் என்றால் சிவனைத் தொழுகிறவர். அறுபத்துமூன்று நாயன்மார்களைவிடப் பெரிய சைவர் யார்? அவர்களில் கண்ணப்பர் வேடர். காளத்தி மலையில் பன்றி இறைச்சியைத் தீயில் வாட்டி, பல்லால் கடித்து ருசி பார்த்து, நல்ல துண்டுகளாகப் பொறுக்கி இறைவனுக்குப் படைத்தவர். அவர் வில்லும் அம்புமாக உங்கள் பெருங்களத்தூர் வாசலில் வந்து நின்றால் காவலாளி உள்ளே விடுவாரா? நாகப்பட்டினத்து அதிபத்தர் மீனவர். நாள்தோறும் வலையில் விழுந்த மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டவர். ஒரே ஒரு மீன் அகப்பட்ட நாளிலும் அதை விட்டுவிட்டு வெறுங்கையோடு கரை திரும்பியவர். கூடையோடு லிஃப்டில் ஏறிவிடுவார் என்று அவருக்கும் வீடு கிடைக்காது. ஆனால் வெங்காயம்கூடத் தொடாத ஜைனக் குடும்பமும், பெருமாளைத் தவிர வேறு தெய்வத்தை வணங்காத வைணவப் பெரியவரும் 'சைவர்' என்ற பெயரில் சாவி வாங்கிக்கொண்டு போகலாம். நாயன்மார்கள் மட்டும் தெருவில் நிற்க வேண்டும்!

'மரக்கறி உணவு' என்று எழுதுங்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை முறை மன்றாடியிருக்கிறேன்! ஈழத்தமிழர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். குறளில் அதிகாரத்தின் பெயர் 'புலால் மறுத்தல்'. அங்கே சைவமும் இல்லை, அசைவமும் இல்லை. இதற்காக என்னை 'மதவிரோதி' என்று திட்டிக் கடிதம் எழுதிய வாசகர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன்: புலால் உண்ணாமையை நான் மதிக்கிறேன். என் தாயார் கடைசிவரை முட்டையைத் தொட்டதில்லை. பக்கத்து வீட்டில் மீன் குழம்பு கொதித்ததால் அவருடைய விரதம் ஒரு நாளும் கெட்டதில்லை.

இந்தக் கேள்வி சாப்பாட்டைப் பற்றியதே அல்ல என்பது எனக்கு நேரில் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் புகைப்படக்காரருக்கு வீடு தேடி அவரோடு அலைந்தேன். ஒரு வீட்டுக்காரர் முதலில் சாப்பாட்டைக் கேட்டார். பிறகு சொந்த ஊரைக் கேட்டார். மூன்றாவதாகக் குலதெய்வம் எது என்றார். பதில் வந்ததும், வீட்டைத் தன் மகளுக்கு ஒதுக்கியிருப்பது அவருக்குத் திடீரென்று நினைவு வந்துவிட்டது. எங்கள் நண்பரோ பிறந்ததிலிருந்து மாமிசம் சாப்பிடாதவர்.

ஏன் சாதியை நேராகக் கேட்பதில்லை? 1955ஆம் ஆண்டின் குடிமையுரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தீண்டாமையின் பேரால் ஒருவரை எந்தப் பகுதியிலும் வீடு கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ விடாமல் தடுத்தால், ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. அதனால்தான் குலதெய்வம், அதனால்தான் சாம்பார். மதத்துக்கோ அந்த அளவு தடைகூட இல்லை. அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவு, பாகுபாடு காட்டக் கூடாத இடங்களாகக் கடை, உணவகம், விடுதி என்றெல்லாம் பட்டியலிடுகிறது. தனியார் விற்கும் வீடு அதில் இல்லை. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டும் என்று விதி வைத்திருந்த வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பக்கமே 2005இல் உச்ச நீதிமன்றமும் நின்றது. அந்தத் தீர்ப்பை அன்றும் நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

இதைத் தடுக்கப் புதிய சட்டம் எழுதச் சொற்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. சொத்தில் குடியிருக்கும், வாங்கும், வாடகைக்கு எடுக்கும் உரிமையை மறுக்கக் கூடாது என்று 2017இன் எச்ஐவி சட்டத்திலும், 2019இன் திருநர் பாதுகாப்புச் சட்டத்திலும் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள். அதே வரியை மதம், சாதி, உணவு, மணமாகாதவர் என்று எல்லோருக்கும் நீட்டுவதற்கு நாடாளுமன்றத்துக்கு ஒரு பிற்பகல் போதும். "என் வீடு, என் விருப்பம்" என்பவர்கள் இனம், மதம் பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்னும் அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்க்கட்டும். தான் குடியிருக்கும் சிறு கட்டடத்தில் ஒரு பகுதியை வாடகைக்கு விடுகிறவருக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் 'இன்னாருக்கு மட்டும்' என்று விளம்பரம் செய்ய அவருக்கும் அனுமதி இல்லை. நம் இதழும் அத்தகைய வரி விளம்பரங்களை வாங்குவதில்லை. விளம்பரப் பிரிவுக்கு என்மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

இனி உங்கள் பணம். 2016ஆம் ஆண்டின் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. ஆகவே மேற்கொண்டு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஒப்பந்தம் போட்டிருந்தால், அதில் இல்லாத காரணத்தைச் சொல்லி அவர் ஒதுக்கீட்டை ரத்து செய்ய முடியாது. செய்தால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போங்கள். ஒப்பந்தம் இல்லை, முன்பணமும் திரும்பவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விளம்பரத் தாளையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். "மீன் சாப்பிடுவதால் வீடு இல்லை" என்பதைக் கையெழுத்திட்டு எழுதித் தரும்படி அந்த பில்டரிடம் கேளுங்கள். தந்தால் ஒரு நகலை எனக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் முதல் பக்கத்தில் போடுகிறேன்.