மார்ட்டின் பூபர் சொல்லும் ‘நான்–நீ’ உறவு என்றால் என்ன?

வியன்னாவில் 1878-இல் பிறந்த யூதத் தத்துவவாதி பூபர், 1923-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட ‘நானும் நீயும்’ என்ற சிறு நூலின் மையக் கருத்து இது. எதிரே இருப்பவரை ‘இவரால் நமக்கு என்ன ஆகும், இவர் எந்த ரகம்’ என்று எடைபோட்டால் அது ‘நான்–அது’. கணக்கெல்லாம் விட்டுவிட்டு முழு ஆளாக அவர் முன் நின்றால் ‘நான்–நீ’.

ஏன் இந்தப் பிரிவு? ‘நான்’ என்பது தனியாக எங்கும் இல்லை, உறவில்தான் உருவாகிறது என்கிறார். பார்க்கும் விதம் மாறினால் பார்க்கிறவரும் மாறிவிடுகிறார்.

அவருடைய சிறுவயதுச் சம்பவம் ஒன்று இதைவிடத் தெளிவு. பதினோரு வயதில், தாத்தா பாட்டியின் பண்ணையில் ஒரு குதிரையின் பிடரியைத் தடவிக்கொடுப்பார். ஒருநாள் தடவும்போது ‘அட, கைக்கு எவ்வளவு சுகம்’ என்று கவனம் தன் கைக்குப் போய்விட்டது. எப்போதும் தடவினால் தலையைத் தூக்கும் குதிரை, மறுநாள் தூக்கவில்லை. ஒருவர் பேசி முடிப்பதற்குள் நாம் மனதில் பதிலைத் தயார் செய்கிறோமே, அதே கதைதான்.

‘நான்–அது’ கெட்டது என்று அவர் சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள். அது இல்லாமல் மனிதன் வாழவே முடியாது என்றுதான் அவர் எழுதினார்.