ஒரே ரிடிம், ஆறு குரல்: ரெகே வெளியிடுவோருக்கு இலவசக் கருவிகள்

இந்த இதழின் கேள்வி–பதில் பகுதியில் ரெகே. சொந்தமாகப் பாட்டு வெளியிடும் வாசகர்கள் கேட்டவற்றில், கைக்காசு போடாமல் செய்யக்கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். ரெகேவுக்குப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: டிரம்ஸும் பாஸும் சேர்ந்த பின்னணிக்கு ஜமைக்காவில் ‘ரிடிம்’ என்று பெயர். ஒரே ரிடிம் மேல் பத்துப் பேர் பத்து வெவ்வேறு பாட்டுப் பாடுவது அங்கே வழக்கம். 2002–03இல் உலகைச் சுற்றிவந்த ‘திவாலி’ ரிடிமுக்கு நம் தீபாவளியின் பெயர்தான். ஷான் பால், வெய்ன் வொண்டர் எனப் பலர் அதன் மேல் பாடினார்கள். கீழே வரும் சிக்கல்களில் பாதி இந்த வழக்கத்திலிருந்து பிறந்தவை.

ஸ்கார்பரோவில் நண்பர்கள் சேர்ந்து ஒரு ரிடிம் செய்திருக்கிறோம். ஆறு பேர் பாடியிருக்கிறார்கள். ஒரே ஆல்பமாகப் போட்டுவிடலாமா? (டொராண்டோ வாசகர்)

போடலாம். ஆனால் அது கடைசி வேலை. ‘பல கலைஞர்கள்’ என்ற பெயரில் ஆல்பம் போனால், ஸ்பாட்டிஃபையில் பாடகரின் பக்கத்தில் அது முதன்மை வெளியீடாக நிற்காது. பிறர் ஆல்பங்களில் இடம்பெற்ற பாட்டுகளோடு சேர்ந்து பக்கத்தின் அடியில் ஒதுங்கிவிடும். பிளேலிஸ்டுகளைத் தொகுக்கும் ஸ்பாட்டிஃபை ஆசிரியர் குழுவின் பார்வைக்கு அனுப்பும் வசதியும் இப்படிப்பட்ட தொகுப்புகளுக்குக் கிடையாது. அதனால் ஒவ்வொரு பாட்டையும் அந்தந்தப் பாடகர் பெயரில் சிங்கிளாக, இரண்டு மூன்று வார இடைவெளியில் விடுங்கள். ஆறும் வந்த பிறகு தொகுப்பு.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று எழுத்தும் எண்ணும் கலந்த 12 இட அடையாள எண் உண்டு. சிங்கிளுக்குக் கிடைத்த அதே எண்ணைத் தொகுப்பிலும் நீங்களே கையால் எழுதவேண்டும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் விநியோகஸ்தரின் (பாட்டைச் செயலிகளில் ஏற்றித்தரும் நிறுவனத்தின்) கணினி புது எண் கொடுத்துவிடும்; அதுவரை சேர்ந்த ஸ்ட்ரீம் கணக்கு ஒருபக்கமும் புதுக்கணக்கு ஒருபக்கமும் நிற்கும். ஒலிக்கோப்பும் அதுவேதான் இருக்கவேண்டும். ‘தொகுப்புக்காக மாஸ்டரை (இறுதி ஒலிக்கோப்பை) இன்னும் கொஞ்சம் சத்தமாக்கினோம்’ என்றால் அது வேறு கோப்பு. குரல் இல்லாத ‘வெர்ஷன்’, எதிரொலி சேர்த்து மாற்றிக் கலந்த டப் மிக்ஸ் இரண்டும் தனித்தனி ஒலிப்பதிவுகள். அவற்றுக்குத் தனித்தனி எண்.

முதல் நாளே கூகுள் ஷீட்ஸில் ஒரு தாள் திறந்துவிடுங்கள். தலைப்பு, பாடகர், ஐஎஸ்ஆர்சி, வெளியீட்டின் பார்கோடு எண், தேதி, ரிடிமின் பெயர், யாருக்கு எத்தனை சதவீதம், கோப்பின் பெயர் ஆகியவை போதும். இன்னொரு பத்தியில் ஒவ்வொரு பாடகரின் ஸ்பாட்டிஃபை பக்க இணைப்பு. ரெகேவில் ‘லயன்’, ‘ராஸ்’, ‘கிங்’ என்று தொடங்கும் பெயர்களுக்குக் குறைவே இல்லை. இணைப்பைக் கொடுக்காவிட்டால் உங்கள் பாட்டு முன்பின் தெரியாத வேறொரு லயனின் பக்கத்தில் போய் உட்காரும். உட்கார்ந்துவிட்டால் கலைஞர்களுக்கான தளமாகிய ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸில் முறையிட்டு மாற்றலாம், ஆனால் வெளியீட்டு வாரம் அதிலேயே போய்விடும்.

விநியோகத்துக்கு ஆண்டுச் சந்தா கட்ட மனமில்லை என்றால் ரூட்நோட்டின் இலவசத் திட்டம் இருக்கிறது. முன்பணம் இல்லை, வருமானத்தில் 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள்.

ஸ்பாட்டிஃபை ஆசிரியர் குழுவுக்கு எப்போது அனுப்பவேண்டும்? அனுப்பினால் பலன் உண்டா? (சென்னை வாசகர்)

வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பு அனுப்பினால், ஆசிரியர்கள் எடுக்காவிட்டாலும் உங்களைப் பின்தொடர்பவர்களின் வெள்ளிக்கிழமை ‘ரிலீஸ் ரேடார்’ பட்டியலில் அந்தப் பாட்டு இடம்பெறும். உறுதியான பலன் அது ஒன்றுதான். விநியோகஸ்தரிடம் நான்கு வாரம் முன்பே ஏற்றிவிட்டால் பதற்றம் இருக்காது. வெளியான பாட்டை அனுப்ப முடியாது. ஒரு நேரத்தில் ஒரு பாட்டுத்தான்.

விளக்கத்துக்கு 500 எழுத்து இடம். ‘மனதைத் தொடும் இசை’ என்று எழுதி அதை வீணாக்காதீர்கள். ரெகேவில் எந்த வகை: ரூட்ஸா, லவர்ஸ் ராக்கா, டான்ஸ்ஹாலா. பாஸ் வாசித்தவர் யார். எந்த ஊரில் யார் ஒலிபரப்பப் போகிறார்கள். இவைதான் அவர்களுக்கு வேண்டும்.

கூடவே ஒரு கணக்கு. 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் ஒலிப்பதிவு உரிமைத்தொகை இல்லை. ஆறு பாட்டுக்குத் தலா 700 வந்தால் மொத்தம் 4,200. கைக்கு வருவது பூஜ்யம். ரசிகர் வட்டம் சிறிதாக இருக்கும்வரை, ரசிகர்கள் பாட்டை நேரடியாக விலைக்கு வாங்கும் தளமான பேண்ட்கேம்ப்பையே முதல் கடையாக வைப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும் பணம் செலுத்தும் கட்டணமும் போக மீதி உங்களுக்கு. 2020 மார்ச்சில் தொடங்கிய ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ நாட்களில் அந்த 15 சதவீதத்தையும் விட்டுவிடுகிறார்கள்.

பேண்ட்கேம்ப் புள்ளிவிவரத்தில் எதைப் பார்ப்பது? (பாரிஸ் வாசகர்)

மூன்று எண்களை. பாட்டின் 90 சதவீதத்துக்கு மேல் கேட்டால் ‘முழுமை’, 10 சதவீதத்துக்குக் கீழே விட்டால் ‘தாண்டியது’, இடைப்பட்டது ‘பகுதி’. நான்கு நிமிடப் பாட்டில் 10 சதவீதம் என்பது 24 வினாடி. இப்போது உங்கள் பாட்டின் தொடக்கத்தை எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு 75 அடி வேகத்தில், குரல் வருமுன் 8 பார் (பாருக்கு 4 அடி) ரிடிம் ஓடுகிறது என்று வையுங்கள். 32 அடிக்கு 25.6 வினாடி. அதாவது ‘தாண்டியது’ கணக்கில் விழுந்தவர் எவரும் பாடகரின் குரலையே கேட்கவில்லை! அந்த எண் பெருத்திருந்தால் பாட்டைக் குறை சொல்லாதீர்கள். முன்னிசையை 4 பாராக வெட்டுங்கள், குரல் 12.8 வினாடியில் வந்துவிடும். ஸ்பாட்டிஃபையில் ஒரு ஸ்ட்ரீம் கணக்கில் ஏற 30 வினாடி ஓடவேண்டும் என்பதால் அங்கேயும் இது உதவும். நீண்ட முன்னிசையை டிஜேக்களுக்கான கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டிலிருந்து அடுத்ததுக்குத் தாண்ட அவர்களுக்கு அது வேண்டும்.

எங்கள் பாட்டுக்கு யூட்யூபில் காப்புரிமைக் கோரல் வந்திருக்கிறது. கோரியிருப்பது அதே ரிடிமில் பாடிய எங்கள் நண்பரின் விநியோகஸ்தர்! (லண்டன் வாசகர்)

ரிடிம் உலகின் நித்திய வியாதி இது. யூட்யூபின் தானியங்கி அடையாள முறையான கன்டென்ட் ஐடி, ஒலியின் கைரேகையைப் பொருத்திப் பார்க்கிறது. நண்பர் தம் பாட்டைப் பதியும்போது அதிலுள்ள முன்னிசையும் சேர்ந்தே பதிவானது. உங்கள் பாட்டிலும் அதே முன்னிசை. யாருடைய குரல் என்று அது கவலைப்படுவதில்லை. தனி உரிமை இல்லாத பின்னணி இசையைப் பதியக்கூடாது என்று யூட்யூபின் விதியே சொல்கிறது. விநியோகஸ்தரின் படிவத்தில் கன்டென்ட் ஐடி கட்டத்தைப் படிக்காமல் டிக் செய்வதால்தான் வினை.

இது ஸ்ட்ரைக் இல்லை. சேனலுக்கு ஆபத்து இல்லை. முதலில் நண்பரைக் கூப்பிட்டு, அவர் விநியோகஸ்தரிடம் கோரலை விடுவிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதிலேயே முடியும். முடியாவிட்டால் யூட்யூப் ஸ்டுடியோவில் அந்த வீடியோவின் கட்டுப்பாடுகள் பத்தியைத் திறந்து மறுப்புத் தெரிவியுங்கள். கோரல் வந்த 5 நாளுக்குள் மறுத்தால் முதல் நாளிலிருந்தே வருமானம் தனியே நிறுத்திவைக்கப்படும். பதில் சொல்லக் கோரியவர்களுக்கு 30 நாள்.

இனிமேலுக்கு: ஆறு பாடகர்களும் வெவ்வேறு விநியோகஸ்தர் வழியே போவதானால் ஒருவரும் கன்டென்ட் ஐடி எடுக்கக்கூடாது என்று முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். ரிடிமுக்கு உரிமையாளர் ஒருவரே, எல்லாப் பாட்டும் அவர் கணக்கில்தான் என்றால் எடுக்கலாம். வெர்ஷனை மட்டும் எப்போதும் கன்டென்ட் ஐடிக்கு வெளியே வையுங்கள்.

வாட்ஸ்அப், இன்ஸ்டா, மின்னஞ்சல் மூன்றிலும் இணைப்பு அனுப்புகிறோம். எதிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று தெரியவில்லை. (கொழும்பு வாசகர்)

ஸ்பாட்டிஃபை இணைப்பின் வாலில் யூடிஎம் குறி (ஆள் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் சொற்கள்) ஒட்டிப் பயனில்லை. அந்தத் தகவல் உங்களுக்குத் திரும்பி வராது. உங்கள் சொந்தப் பக்கம் ஒன்று நடுவில் வேண்டும். கூகுள் சைட்ஸில் இலவசமாக ஒரு பக்கம், அதில் பேண்ட்கேம்ப் பிளேயரும், எல்லாச் செயலிகளுக்குமான ஓடெஸ்லி இணைப்பும். அமைப்புகளில், பக்கத்துக்கு வருபவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸின் எண்ணைச் சேருங்கள். பிறகு ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி யூடிஎம் இணைப்பு. அதை உருவாக்க கூகுளின் இலவசப் படிவமே உண்டு. வாட்ஸ்அப்பைத் தொட்டு வருபவர்கள் குறி இல்லாவிட்டால் ‘நேரடி’ என்ற மூட்டையில் விழுந்துவிடுவார்கள். குறிகளை ஆங்கிலச் சிறிய எழுத்திலேயே எழுதுங்கள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்தால் ஒரே வாட்ஸ்அப் இரண்டு வரியாகக் காட்டும்.

வானொலியில் ஒலித்ததை இலவசமாகக் கண்டுபிடிக்க முடியுமா? (மீண்டும் லண்டனிலிருந்து, வேறொருவர்)

ஓரளவுக்கு. பிபிசி நிகழ்ச்சிகள் பலவற்றின் பாட்டுப் பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கும். சியாட்டலின் கேஇஎக்ஸ்பி வானொலி, ரெகே நிகழ்ச்சி உட்பட, ஒலிக்கும்போதே பட்டியலைப் போடுகிறது. அமெரிக்கக் கல்லூரி, சமூக வானொலிகள் பலவற்றின் பட்டியல் ஸ்பினிட்ரான் தளத்தில் கிடைக்கும். மிக்ஸ்கிளவுட்டிலும் பாடகர் பெயரைத் தேடிப் பாருங்கள்.

பெரிய ஒலிபெருக்கிகளோடு நடக்கும் ரெகே நடன நிகழ்ச்சியான சவுண்ட் சிஸ்டம் வேறு கதை. பாட்டுப் போடும் செலக்டர் பாட்டின் மேலேயே பேசுவார், கூட்டம் கத்தினால் தட்டைப் பின்னுக்கு இழுத்து முதலிலிருந்து போடுவார். அந்த இரைச்சலில், பாட்டை அடையாளம் காணும் ஷாஸாம் போன்ற செயலிகள் திணறும். ஆப்பிள் மியூசிக் ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸில் ஊர்வாரியாக வரும் ஷாஸாம் எண்ணிக்கைதான் அங்கே உங்களுக்குள்ள ஒரே துப்பு. முன்னிசையில் ஷாஸாம் செய்தவருக்கு அதே ரிடிமின் வேறு பாட்டைக் காட்டிவிடக்கூடும் என்பதால் ஆறு பாட்டின் எண்ணையும் சேர்த்தே பாருங்கள்.

அமெரிக்க இணைய வானொலியில் ஒலித்தால் பணமும் உண்டு. அதை வசூலித்துத் தரும் சவுண்ட்எக்ஸ்சேஞ்சில் பதிவு இலவசம். ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு 50 சதவீதம், முதன்மைக் கலைஞருக்கு 45, பிற இசைக்கலைஞர்களின் நிதிக்கு 5. உரிமையாளர், பாடகர் இருவரும் தனித்தனியே பதியவேண்டும். பிரிட்டனில் அந்த வேலையைச் செய்வது பிபிஎல். அங்கேயும் சேரக் கட்டணமில்லை. இரண்டிலும் கேட்பது அதே ஐஎஸ்ஆர்சி எண்தான்.

நிலையங்களுக்கு அனுப்பும் எம்பி3யை 320 கேபிபிஎஸ்ஸில் வைத்து, எம்பி3டேக் என்ற (விண்டோஸில் இலவசமான) நிரலால் பாடகர், தலைப்பு, லேபிள், ஐஎஸ்ஆர்சி நிரப்புங்கள். குறிப்பு என்ற கட்டத்தில் ரிடிமின் பெயரும் ‘75/150’ என்று வேகமும். டிஜே மென்பொருள் சில ரெகேவை இரட்டை வேகமாகப் படிக்கும். இரண்டையும் எழுதினால் தேடும்போது அகப்படும்.

பணம் கொடுத்தால் 10,000 ஸ்ட்ரீம் தருகிறோம் என்று ஒருவர் எழுதுகிறார். (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில் எழுதாதீர்கள். போலி ஸ்ட்ரீம் அளவு மிஞ்சினால் ஸ்பாட்டிஃபை 2024 முதல் விநியோகஸ்தரிடம் அபராதம் வாங்குகிறது. அவர் அதை உங்கள் தலையில் கட்டுவார், பாட்டையும் எடுத்துவிடுவார். நீங்கள் கேட்காமலே யாரோ உங்கள் பாட்டைப் போலிப் பிளேலிஸ்டில் சேர்த்துவிட்டாலும் இதே கதைதான். எனவே கேட்பவர்களின் ஊர்வாரிப் பட்டியலை வாரம் ஒருமுறை பாருங்கள். உங்களுக்கு ஒருவரையும் தெரியாத ஒரே ஊரிலிருந்து திடீரென்று நூற்றுக்கணக்கில் வந்திருந்தால், எந்தப் பிளேலிஸ்ட் என்று பார்த்து அன்றே விநியோகஸ்தருக்கும் ஸ்பாட்டிஃபைக்கும் எழுதிவிடுங்கள்.