பேத்தியை அப்பாவிடம் அனுப்பித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: என் மகள் இறந்து 4 வருடம் ஆகிறது. 9 வயதுப் பேத்தி அப்போதிலிருந்து எங்களிடம்தான் வளர்கிறாள். மறுமணம் செய்துகொண்ட மாப்பிள்ளை இப்போது குழந்தையைக் கேட்கிறார். தராவிட்டால் போலீசுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் போவேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: அந்த மிரட்டலுக்குப் பயப்படாதீர்கள், அம்மா. அப்பாவே விட்டுப்போன குழந்தையைத் தாத்தா பாட்டி வளர்ப்பது கடத்தல் ஆகாது. குழந்தைகள் நலக் குழு, 2015 சிறார் நீதிச் சட்டப்படி பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தைகளுக்கானது. அடி உதை, பட்டினி என்றால் பெற்றவரிடமிருந்தே கூட அரசு குழந்தையை மீட்கலாம். உங்கள் வீட்டு விவகாரம் அதுவல்ல.

அதற்காக மாப்பிள்ளையின் உரிமையை லேசாக நினைக்க வேண்டாம். நீங்கள் இந்துக்கள் என்றால், 1956-ஆம் வருட இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டப்படி அவர்தான் இயற்கைப் பாதுகாவலர், அதாவது கோர்ட் நியமிக்காமலே சட்டம் ஏற்கும் பாதுகாவலர். மறுமணத்தால் மட்டும் அது போய்விடாது. அவர் தகுதியற்றவர் என்று கோர்ட் கருதினாலொழிய, உங்களைப் பாதுகாவலராக நியமிக்க 1890-ஆம் வருட கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம் இடம் தராது. பலர் இதைக் கேட்டதுமே சோர்ந்துபோகிறார்கள். ஆனால் குழந்தை யாரிடம் வளர்வது என்பது தனிக் கேள்வி. குழந்தையைத் திரும்பக் கேட்டு அதே 1890 சட்டத்தின் 25-ஆவது பிரிவில் அவர் மனு போட்டாலும், திருப்பி அனுப்புவது குழந்தைக்கு நல்லதா என்றுதான் நீதிபதி பார்ப்பார். உச்ச நீதிமன்றம் 2008-இல் ஒரு வழக்கில் தாய்வழித் தாத்தா பாட்டியிடமே குழந்தையை இருக்கவிட்டது. 2019-இல் இன்னொரு வழக்கில், தாய்வழி உறவினர்களிடமிருந்து அப்பாவிடம் ஒப்படைத்தது. முன்கூட்டியே முடிவு சொல்கிற வக்கீலை நம்பாதீர்கள்.

அவர் ஆட்கொணர்வு மனுவோடு (குழந்தையைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு) ஹைகோர்ட்டுக்குப் போகும் முன், நீங்கள் குடும்ப நல நீதிமன்றத்தில் மனு போட்டு, குழந்தை இப்போதைக்கு உங்களிடமே இருக்க இடைக்கால உத்தரவு கேளுங்கள். குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர்க் கோர்ட்டுக்கே அதிகாரம். வேறு ஊருக்கு அனுப்பி வைக்காதீர்கள். பள்ளிக் கட்டண ரசீது, தடுப்பூசி அட்டை, ரேங்க் கார்டில் நீங்கள் போட்ட கையெழுத்து, இத்தனை வருடத்தில் அவர் எப்போதெல்லாம் வந்தார், பணம் அனுப்பினாரா என்ற விவரம் எல்லாம் வேண்டும்.

நீதிபதி குழந்தையைத் தன் அறைக்குத் தனியாக அழைத்துப் பேசலாம். தயவுசெய்து சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். ஒப்பிக்கிற குழந்தையை நீதிபதிகளுக்கு உடனே தெரியும், பாதிப்பு உங்களுக்குத்தான். அப்புறம், அவர் பார்க்க வந்தால் தடுக்காதீர்கள். ‘அப்பாவைப் பார்க்கவே விடுவதில்லை’ என்ற ஒரு வரி உங்கள் வழக்கைக் கெடுத்துவிடும். வருகிற ஞாயிற்றுக்கிழமையே வந்து பார்க்கலாம் என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். அதை அழிக்காமல் வைத்திருங்கள்.