தேவபக்தியுள்ள விவசாயியாக வாழ்ந்து மறைந்த குடும்பப் பெரியவரைப் பற்றி நினைவுக் குறிப்பு எழுதச் சொல்கிறார்கள். நல்லதை மட்டும்தான் எழுத வேண்டுமா?

நீங்களும் என்னைப் போல அந்தக் குடும்பத்துக்குள் வாழ்க்கைப்பட்டுப் போனவர் என்று நினைக்கிறேன். சொந்தப் பேரன் பேத்தி என்றால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. 'கர்த்தருக்குப் பயந்தவர், கடும் உழைப்பாளி, அன்பான கணவர், பாசமுள்ள தகப்பன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள்.

என் கணவரின் கொள்ளுத்தாத்தா 1880களில் ஸ்வீடனின் ஸ்மோலாந்து பகுதியிலிருந்து அமெரிக்காவின் மினசோட்டாவுக்கு வந்தவர். ஊர் சிசாகோ மாவட்டத்தில். அங்கே ஏரியைச் சுற்றி ஸ்மோலாந்துக்காரர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருந்தார்கள். ஸ்மோலாந்து கல்லு பூமி. வயலில் பொறுக்கிய கல்லை அடுக்கியே வேலி கட்டுவார்கள், அவ்வளவு கல். 1867 முதல் 1869 வரை வந்த பஞ்சம் வேறு. 1850க்கும் 1930க்கும் இடையில் அந்தச் சின்ன நாட்டிலிருந்து 12 லட்சம் பேருக்கு மேல் கப்பலேறினார்கள். அதில் இவர் ஒருவர்.

'அரசாங்கம் சும்மா கொடுத்த நிலம்தானே' என்று யாராவது வருவீர்கள், தெரியும். 1862ஆம் வருஷச் சட்டப்படி 160 ஏக்கர் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் இவர் வந்து சேர்ந்தபோது அந்தப் பக்கத்து நல்ல நிலமெல்லாம் முன்னால் வந்தவர்கள் கையில். கடன் வாங்கித்தான் காடு வாங்கினார், மரத்தை வெட்டி வேரைப் பிடுங்கித்தான் வயலாக்கினார். அந்த மண் 1837 ஒப்பந்தத்தில் அங்கத்துப் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்களிடமிருந்து அரசு எடுத்துக்கொண்டது என்பதையும் குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன். அதற்கும் முகம் சுளித்தார்கள்.

ஆலயத்தின் ஆண்டு மலருக்காக ஒவ்வொரு குடும்பமும் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்றபோது வேலை என் தலையில் விழுந்தது. தமிழச்சிக்கு ஸ்வீடன்காரரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். நான் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன், மார்ட்டின் லுத்தர் வழிவந்த சபைக்காரி. 1921இல் எங்கள் திருச்சபையின் முதல் பேராயரான ஹாய்மன் ஸ்வீடன்காரர்தான். அந்தத் தாத்தா ஒப்பித்த லுத்தரின் ஞானோபதேசத்தைத்தான், அதாவது கேள்வி பதிலாக இருக்கும் விசுவாசப் பாடத்தைத்தான், நானும் ஞாயிறு பள்ளியில் அடி வாங்கி ஒப்பித்தேன். அந்தக் காலத்து ஸ்வீடனில் போதகரே வந்து வீடுவாரியாகக் கேள்வி கேட்டு, யார் எப்படி வாசிக்கிறார்கள், யாருக்கு ஞானோபதேசம் எவ்வளவு தெரியும் என்று சபைப் புத்தகத்தில் எழுதி வைப்பார். ஊரைவிட்டுக் கிளம்பினால் அதையெல்லாம் குறித்து ஒரு சான்றிதழ் தருவார். தாத்தாவின் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். பாட்டியும் அப்படி ஒன்று கொண்டுவந்திருப்பாரே, அது எங்கே என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தாத்தாவின் பக்திக்குச் சாட்சியாகக் குடும்பத்தில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. மாட்டுக்கான புல்லை அறுத்துக் காயப் போட்டிருந்தார்கள். சனிக்கிழமை ராத்திரியே மேகம் கூடிவிட்டது. ஞாயிறு காலையில் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வண்டியோடு வந்து, வாங்க, எல்லோருமா சேர்ந்து அள்ளிப் போட்டுடலாம் என்றார்கள். இவர், ஓய்வுநாள், முடியாது என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆலயத்துக்குப் போய்விட்டார். ஆராதனை முடிவதற்குள் மழை. புல் முழுக்க அழுகிப்போனது. 'ஆனாலும் கர்த்தர் கைவிடவில்லை, அந்தக் குளிர்காலத்தில் ஒரு மாடுகூடச் சாகவில்லை' என்று கதை முடியும்.

மாடு எதைத் தின்றது என்று நான் கேட்டேன். ஆண்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தொண்ணூறை நெருங்கும் என் கணவரின் அத்தைதான் பதில் சொன்னார். பாட்டி வெண்ணெயும் முட்டையும் விற்றுச் சேர்த்த காசில் தீவனம் வாங்கினாராம். பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்க வைத்திருந்த காசு. அந்த வருஷம் வீட்டில் யார் தட்டிலும் வெண்ணெய் இல்லை.

இதைத்தான் எழுதினேன். அவர் பக்தியைக் கிண்டல் செய்கிறேன் என்று ஒரு பங்காளி குதித்தார். இல்லை ஐயா. அவர் நம்பியதை நஷ்டப்பட்டும் விடாமல் செய்தார், அதற்கு எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நஷ்டத்தைச் சுமந்தது இன்னொருவர் என்றால் அவர் பெயரும் அந்தப் பக்கத்தில் வர வேண்டும், இல்லையா? தாத்தா செத்தபோது வந்த மரண அறிவிப்பில் பாட்டிக்குப் பெயரே கிடையாது, வெறும் 'மனைவி'.

தாத்தாவைப் பற்றி யாரும் பெருமையாகச் சொல்லாத ஒன்றையும் அத்தையிடமிருந்துதான் பிடுங்கினேன். ஸ்வீடன் கிராமங்களில் பால் கறப்பது பெண்கள் வேலை, ஆண் போய் உட்கார்ந்தால் சிரிப்பார்கள். இவர் பாட்டியின் ஒவ்வொரு பிரசவத்தின்போதும் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து தானே கறந்திருக்கிறார். புதிதாக ஊரிலிருந்து வந்தவர்கள் சிரித்தார்களாம், அவர் கண்டுகொள்ளவில்லை. 'அன்பான கணவர்' என்பதற்கு எனக்கு இது போதும்.

இதையெல்லாம் கேள்விப்பட்டு ஊரிலிருந்து என் சித்தப்பா போன் செய்து, வெள்ளைக்காரத் தாத்தாவுக்குப் பக்கம் பக்கமா எழுதுறியே, நம்ம தாத்தாவுக்கு ஒரு வரி எழுதினியா என்றார். எங்கே எழுதுவது? எங்கள் தாத்தாவின் கல்லறைக் கல்லில் தாத்தா பெயர் ஒரு வரி. அதற்குக் கீழே 'உபயம்' என்று மூன்று மகன்களின் பெயர், படிப்பு, உத்தியோகம், ஆளுக்கு ஒரு வரி. எந்தப் பெயர் முதலில் வருவது என்று சண்டை போட்டுக் கல்லே ஒரு வருஷம் தாமதம். என் அம்மாவும் பெரியம்மாவும் அந்தக் கல்லில் இல்லவே இல்லை. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நடனம் ஆடினான் என்று மூத்த மகனை ஸ்வீடன் தாத்தா வீட்டைவிட்டுத் துரத்தியதையும் எழுதியிருந்தேன். அந்த மகனின் பேரப்பிள்ளைகளே வேண்டாம் என்றதால் அதை எடுத்துவிட்டேன், அவர்களுடைய வலி, அவர்கள் முடிவு. வெண்ணெய்க் காசை எடுக்கச் சொன்னபோது மாட்டேன் என்றுவிட்டேன். அச்சில் வந்திருக்கிறது.

நீங்கள் எழுத உட்காரும் முன்னால் அந்த வீட்டில் வயதான பெண் யாராவது இருந்தால் முதலில் அவரிடம் போங்கள், ஆண்களிடம் அப்புறம் கேட்கலாம். மினசோட்டாப் பக்கம் என்றால் காப்பித்தூளில் முட்டையை உடைத்துக் கலந்து காய்ச்சிக் கொடுப்பார்கள். மறுக்காமல் குடித்துவிடுங்கள், நினைக்கிற அளவுக்கு மோசமில்லை.