இரவு இரண்டு மணிக்கு வரும் பயம்

கேள்வி: எனக்கு 44 வயது. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிராமம். பரம்பரையாகக் கத்தோலிக்கக் குடும்பம். போன மாங்காய் சீசனில் தோப்பில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த என் அண்ணன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவே இல்லை. அவருக்கு 49 வயது. அன்றிலிருந்து இரவு இரண்டு மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது. நானும் இப்படியே போய்விட்டால் என் இரண்டு பெண்களும் என்ன ஆவார்கள் என்று நினைத்தபடி விடியும்வரை கிடக்கிறேன். கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போகவே முடியவில்லை. ஜெபக்கூட்டத்தில் ஒரு அக்கா, “விசுவாசம் இருந்தால் சாவுக்குப் பயம் வராது” என்றார். எனக்கு விசுவாசமே இல்லையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்தப் படபடப்பைப் பார்ப்போம். கூடப்பிறந்தவர் 49 வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார் என்றால் நீங்களும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வதுதான் நல்லது. ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, ஒரு இசிஜி. எல்லாம் சரியாக இருந்தும் படபடப்பு நிற்கவில்லையா, மனநல மருத்துவரைப் பாருங்கள். முதலில் போனில் பேசிப் பார்க்கலாம் என்றால் 14416-க்கு அழையுங்கள். டெலி மனஸ் என்ற அரசு சேவை அது, கட்டணம் கிடையாது. மாத்திரை போட்டால் கடவுளை நம்பவில்லை என்று அந்த அக்கா சொல்லலாம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவர் சொன்ன அந்த வாக்கியத்தை நான் பைபிளில் தேடினால் எனக்கு எதிர்ப்பக்கம்தான் கிடைக்கிறது. திருத்தூதர் பவுல் சாவைக் கடைசிப் பகைவன் என்கிறார் (1 கொரிந்தியர் 15:26). பகைவனைக் கண்டு பயப்படுவது பாவமா? செத்துப்போன நண்பர் லாசரை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்துதான் இயேசு பெத்தானியாவுக்கு வந்தார், வந்தும் அழுதார். பிடிபட்ட ராத்திரியில், கெத்சமனித் தோட்டத்தில் இன்னும் மோசம். சாவு வருமளவுக்குத் துயரம் என்று வாய்விட்டுச் சொல்லி, சீடர் மூன்று பேரைக் கூட்டிப்போய், என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டார். அவரே தனியாக இருக்க விரும்பாத ராத்திரி அது. நீங்கள் மட்டும் ஏன் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு தனியாகக் கிடக்கிறீர்கள்? வீட்டுக்காரரை எழுப்புங்கள். அவர் “ம்” சொல்லிவிட்டுத் திரும்பவும் குறட்டை விடலாம். அன்றைக்கு அந்த மூன்று பேரும்கூடத் தூங்கித்தான் போனார்கள். இருந்தாலும் எழுப்புங்கள்.

என் அம்மா 1994-இல் தருமபுரியில் இறந்தார். சாமியார் வீட்டுக்கு வந்தாலே தெருவில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிடும். சாகக் கிடப்பவருக்குச் சாமியார் எண்ணெய் பூசி ஜெபிப்பதை அவஸ்தைபூசுதல் என்றுதான் சொல்வோம். பெயரைக் கேட்டாலே உயிர் பாதி போய்விடும். அதை நோயில்பூசுதல் ஆக்கி, சாகக் கிடப்பவருக்கு மட்டுமல்ல, கடும் நோயில் இருப்பவருக்கும் கொடுக்கலாம் என்று திருச்சபை சொல்லி அப்போதே இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் தெருவுக்கு அந்தச் செய்தி வரவில்லை. சாமியாரைக் கூப்பிடாதே என்று அம்மாவே இரண்டு நாள் தடுத்தார். அவரும் பயந்தார். தினமும் திருப்பலிக்குப் போனவர்.

கடைசி வாரத்தில் எங்கள் பெயரெல்லாம் மறந்துவிட்டது. ஆனால் வலது கட்டைவிரல் மட்டும் ஆள்காட்டி விரல்மேல் நகர்ந்துகொண்டே இருந்தது. ஜெபமாலையைக் கையில் கொடுத்தோம். வாயில் வந்தது மாதாவிடம் சொல்லும் அருள்நிறை மந்திரத்தின் பின்பாதி மட்டும்: “இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்...” அதைத் தாண்டி வரவில்லை. மறுபடி அதே.

நானும் சின்ன வயதிலிருந்து சொல்கிற வரிதான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதுதான் கவனித்தேன். அந்த ஜெபம் கேட்பது இரண்டே இரண்டு நேரத்துக்கு. ஒன்று இப்பொழுது, இன்னொன்று மரண நேரம். நடுவில் இருக்கிற காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் இரவு இரண்டு மணிக்கு நடமாடுவது முழுக்க அந்த நடுப்பகுதியில்தான்: எப்போது, எப்படி, தோப்பிலா, ரோட்டிலா, பெரியவளுக்குக் கல்யாணம் ஆகுமுன்னா பின்னா. ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையை உருட்டி, ஒவ்வொரு மணியிலும் இந்த ஜெபத்தைச் சொல்பவர் ஒரே மாலையில் 53 தடவை தன் சாவை வாயால் சொல்லி, அந்த நேரத்துக்குத் துணை கேட்டாயிற்று. அப்புறம் கையில் இருப்பது ‘இப்பொழுது’ மட்டும். அம்மாவின் பயம் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன்; எனக்குத் தெரியாது. விரல் மட்டும் நிற்கவில்லை.

இறந்தோரின் உயிர்ப்பை நம்புகிறோம் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோமே, அது நிஜமாகவே நம் நம்பிக்கைதான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு முழு விசுவாச அறிக்கையும் வாயில் வராது. ‘இப்பொழுதும்’ என்ற ஒரு சொல் வரும்.

பெண்களைப் பற்றிய கவலை வேறு வகை. அதற்கு ஜெபத்தோடு ஒரு நோட்டும் வேண்டும். பட்டா எங்கே இருக்கிறது, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எவ்வளவு, நகை எந்த வங்கியில், எல்ஐசி யார் பெயரில். எழுதி, பெரியவளுக்கு இடத்தைக் காட்டிவிடுங்கள். உங்கள் அண்ணி இதெல்லாம் தெரியாமல் எத்தனை அலுவலகம் ஏறி இறங்கினாரோ, கேட்டுப் பாருங்கள். பகலில் ஒரு மணி நேர வேலை, இரவில் பாதிக் கவலை குறையும்.

கல்லறைத் தோட்டத்துக்கு இப்போதே போகவேண்டியதில்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாள் வரட்டும். அன்று ஊரே அங்கேதான் இருக்கும். களை கொத்துவார்கள், சுண்ணாம்பு அடிப்பார்கள், பிள்ளைகள் உருகின மெழுகை உருட்டி விளையாடும். அண்ணியோடு சேர்ந்து போங்கள். சாமந்தியை மட்டும் முதல் நாளே வாங்கிவிடுங்கள், அன்றைக்குக் காலையில் விலை கேட்க முடியாது.