பச்சை பட்டனுக்கு முன்னும் பின்னும்

கேள்வி: எங்கள் பள்ளியில் யு.கே.ஜி. வகுப்புக்கு இரண்டு பீ-பாட் (முதுகில் உள்ள அம்புக்குறி பட்டன்களை அமுக்கிய வரிசையில் தரையில் ஓடும் தேனீ வடிவ ரோபோ) வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். 28 குழந்தைகள். கைக்கு வந்த பட்டனையெல்லாம் அமுக்குகிறார்கள், அது ஓடுகிறது, கைதட்டுகிறார்கள். வரிசையாக யோசிக்கப் பழக்கத்தான் இது என்கிறது நிர்வாகம். எப்படிப் பழக்குவது? அடுத்து டேப்லெட்டுக்குப் போகலாமா?

பதில்: முதல் சில நாள் அப்படித்தான் இருக்கும், விளையாடட்டும். ஆனால் ஒன்று, பீ-பாட் ஓடிக்கொண்டிருக்கும்போது குழந்தை கற்றுக்கொள்வது குறைவு. அதை ஓட வைக்கும் பச்சை பட்டனை அமுக்குவதற்கு முன்னால் வழியை யோசிக்கும்போதும், ரோபோ தப்பான இடத்தில் போய் நின்ற பிறகு ஏன் என்று தேடும்போதும்தான் நீங்கள் எதிர்பார்க்கிற பழக்கம் வரும்.

இதற்குத் தடை, அமுக்கிய பட்டன் எதுவும் கண்ணுக்குத் தெரியாததுதான். பீ-பாட்டில் திரை கிடையாது. நாலாவது பட்டனுக்கு வரும்போது முதலில் எதை அமுக்கினோம் என்பது ஐந்து வயதுக்கு நினைவிருக்காது. அதனால் அம்புக்குறி அட்டைகள் செய்துகொள்ளுங்கள்: முன்னே, பின்னே, இடது திருப்பம், வலது திருப்பம். முதலில் அட்டைகளைத் தரையில் வரிசையாக அடுக்க வேண்டும், அப்புறம்தான் பட்டன். ரோபோ ஓடும்போது இன்னொரு குழந்தை ஒவ்வொரு அட்டையாக விரல் வைத்துக்கொண்டே வரட்டும். 1970-களில் எம்.ஐ.டி.யில் ரேடியா பெர்ல்மன் சின்னக் குழந்தைகளுக்காகச் செய்த கருவியிலும் இதே ஏற்பாடு இருந்தது. அட்டைகளை வரிசையாகச் செருகினால், எந்தக் கட்டளை நடக்கிறதோ அதன் பக்கத்தில் விளக்கு எரியும். உங்கள் வகுப்பில் அந்த விளக்கு வேலையை விரல் செய்யும்.

ஒரு தவறை மட்டும் நிச்சயம் பார்ப்பீர்கள். கட்டம் போட்ட தாளில் ரோபோவை வைக்கிறீர்கள்; பூ படம் இரண்டு கட்டம் தள்ளி, வலப்பக்கக் கட்டத்தில் இருக்கிறது. குழந்தை முன்னே, முன்னே, வலது என்று போடும். ரோபோ இரண்டு கட்டம் போய், நின்ற இடத்திலேயே வலப்பக்கம் திரும்பி நின்றுவிடும். "மிஸ், இது ரிப்பேர்!" திருப்பம் என்றால் பக்கத்துக் கட்டத்துக்குப் போவது என்று குழந்தை நினைத்திருக்கிறது. வாயால் விளக்குவதைவிட, அந்தக் குழந்தையையே தரை டைல்ஸில் நிறுத்தி, அட்டையில் உள்ளதை மட்டும் செய்யச் சொல்லுங்கள். திரும்பியதும் "இப்ப பூகிட்ட வந்துட்டியா?" என்று கேளுங்கள். இன்னொரு "முன்னே" வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். ரோபோவின் முகம் தன்னைப் பார்த்து இருந்தாலும் இடம் வலம் குழம்பும், அதனால் எப்போதும் அதன் பின்னால் நின்று யோசிக்கச் சொல்லுங்கள்.

தப்பாகப் போனால் உடனே எல்லாவற்றையும் கலைக்க விடாதீர்கள். "எந்த அட்டை வரைக்கும் சரியாப் போச்சு?" என்று கேளுங்கள். அதற்கு அடுத்த அட்டையை மட்டும் மாற்றட்டும். கணினிச் சிந்தனை என்று பெரிய பெயரில் சொல்வதில் இந்த வயதுக்கு மிகவும் வேண்டியது இந்த ஒரு கேள்விதான் என்பேன். ஒவ்வொரு முறையும் பெருக்கல் குறி பட்டனை அமுக்கி பழைய கட்டளைகளை அழிக்கவும் பழக்குங்கள். அழிக்காவிட்டால் பழையதோடு புதியதும் சேர்ந்து ஓடும், குழந்தை சரியாகவே யோசித்திருந்தாலும் ரோபோ எங்கோ போகும்.

பீ-பாட் ஒரு 'முன்னே'வுக்கு 15 செ.மீ. போகும், அதனால் கட்டமும் அதே அளவு இருக்க வேண்டும். சாதாரண சார்ட் பேப்பரில் நாலுக்கு மூன்றாக 12 கட்டம் தாராளமாகப் போடலாம். ஓரங்களை டேப் போட்டு ஒட்டுங்கள், சுருக்கம் இருந்தால் கோணலாகத் திரும்பும். பாட்டி, வடை, காக்கா, நரி படங்களைக் கலைத்து ஒட்டி, கதை நடந்த வரிசையில் போய்வரச் சொல்லலாம். ஒரே கட்டளையாக நீளமாக வேண்டாம், பாட்டியிலிருந்து காக்கா வரை ஒன்று, அங்கிருந்து நரி வரை ஒன்று என்று பிரித்துச் செய்யட்டும்.

ஒரு ரோபோவுக்கு நாலு பேர் போதும். அட்டை அடுக்க ஒருவர், பட்டனுக்கு ஒருவர், விரலுக்கு ஒருவர், எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்ல ஒருவர், மாறி மாறி. மற்றவர்கள் டைல்ஸில் தாங்களே ரோபோவாக நடக்கலாம், அதுவும் இதே பயிற்சிதான்.

டேப்லெட்டுக்கு அவசரம் வேண்டாம். அட்டையைப் பார்த்தே ரோபோ நிற்கும் கட்டத்தைச் சரியாகச் சொல்லும் குழந்தைகள், "திரும்பத் திரும்ப 'முன்னே' வைக்கணுமா மிஸ்?" என்று அலுத்துக்கொள்ள ஆரம்பித்தால் டேப்லெட்டில் ஸ்கிராட்ச் ஜூனியர் என்ற செயலியைக் காட்டுங்கள்; கட்டளைக் கட்டங்களை வரிசையாக அடுக்கி திரையில் உருவங்களை நகர்த்துவது அது. 5 முதல் 7 வயதுக்கானது, இலவசம், ஒரே கட்டளையை இத்தனை முறை செய் என்று சொல்லும் வசதியும் அதில் உண்டு.